கியர் கணக்கு எழுதும் பொறியாளர்களுக்கு, வாலாஜாபாத்திலிருந்து ஒரு லோடு வண்டிக்காரன்

மதிப்புக்குரிய பொறியாளர்களுக்கு,

எந்த வேகத்தில், ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தால், எந்த கியர் விழ வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக எண் நிரப்பும் உங்களுக்குத்தான் இந்த மடல். நீங்கள் தூரத்தில் இல்லை. மகேந்திராவின் ஆராய்ச்சி மையமும் ரெனோ-நிசான் தொழில்நுட்ப மையமும் செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம் மகேந்திரா சிட்டியில் இருக்கின்றன. ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரித் தொழிற்சாலை, அங்கேயே மத்திய அரசின் ஜி.ஏ.ஆர்.சி. வாகன ஆராய்ச்சி மையம். பாலாற்றுக்கு அக்கரையில் செய்யாறு பக்கம் 2021-ல் மகேந்திரா திறந்த சோதனை ஓடுதளம். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினால் காலை டீக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் இத்தனை இடத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்கள் எங்கள் வண்டியில் ஒருநாள் ஏறிப் பார்த்ததுண்டா என்று தெரியாததால் எழுதுகிறேன்.

நான் லோடு வண்டிக்காரன். குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் டாடா ஏஸில் ஆரம்பித்து இப்போது தோஸ்த் வண்டி ஓட்டுகிறேன். முகூர்த்த மாதங்களில் பந்தல் சாமான், அறுப்பு சமயத்தில் நெல் மூட்டை, மற்ற நாட்களில் எம்-சாண்ட், ஹாலோ பிளாக், சிமென்ட். கூப்பிட்டால் ஆக்டிங் டிரைவராகவும் போவேன். அப்படிப் போய்ப் போய்த்தான் ஆட்டோமேட்டிக் கார்கள் பழக்கமாயின. கைக்கியர், தானியங்கி இரண்டின் குணமும் என் காலுக்குத் தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஆட்டோமேட்டிக் எல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. எங்களுக்கு வேண்டும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடத்தைத் தாண்டிப் பாருங்கள். கம்பெனி பஸ் வரிசையின் பின்னால் முதல் கியர், நியூட்ரல், முதல் கியர் என்று ஊர்ந்தே வரவேண்டும். எங்கள் செட்டில் நாற்பது தாண்டிய பலருக்கும் இடது முட்டிதான் முதலில் போகிறது. வலது கால் நன்றாகவே இருக்கும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 2014 பிப்ரவரியில் மாருதி சுசுகியின் செலெரியோ, ஏ.எம்.டி. என்ற தானியங்கி கியரோடு வந்தது. மத்தியதரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் கிளட்ச் பெடல் இல்லாத கார் இந்தியாவில் பரவியது அதிலிருந்துதான். அதே ஆண்டு ஜப்பானில் அதே சுசுகி, தன் 660 சிசி கேரி லோடு வண்டிக்கும் அந்த மாதிரி தானியங்கி கியரைக் கொடுத்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து 2016-ல் இங்கே அவர்களுடைய சூப்பர் கேரி லோடு வண்டி வந்தபோது என்ன வந்தது? கைக்கியர்! ஆபீஸ் போகிறவருக்கு இடது கால் ஓய்வு, நெல் ஏற்றுகிறவருக்கு அது கிடையாது. ஜப்பானில் டைஹட்சு 2021 டிசம்பரில் தன் ஹைஜெட் லோடு வண்டிக்கு சி.வி.டி. என்ற தானியங்கி கியரையே கொடுத்துவிட்டது. இங்கே பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசூசு வி-கிராஸ் மாதிரி 1.9 லிட்டர் இன்ஜின் வண்டிக்குப் போகவேண்டும். அதை வாங்குபவர் பின்னால் நெல் ஏற்றமாட்டார். பைக் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போவார்.

விலை ஏறும், மைலேஜ் குறையும், அதனால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று உங்கள் விற்பனைப் பிரிவு சொல்லியிருக்கும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. கார் கணக்கை அப்படியே லோடு வண்டிக்கு எழுதினால் யாரும் வாங்கத்தான் மாட்டார்கள். எங்கே உதைக்கும் என்று சொல்கிறேன்.

எடையிலிருந்து தொடங்குவோம். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் நினைவிருக்கிறதா? இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். வெற்று வண்டி சுமார் 800 கிலோ. சட்டப்படி 750 கிலோ ஏற்றலாம். நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 18 மூட்டை போட்டால் 720 கிலோ. காலையில் ஓட்டிய வண்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையைச் சாயங்காலம் அதே 16 குதிரை இழுக்கவேண்டும். அதற்கு மேலும் ஏற்றுகிறார்களே என்று கேட்பீர்கள். ஏற்றுகிறார்கள்தான், அது தனிப் பஞ்சாயத்து. நான் சட்டத்துக்கு உட்பட்ட எடையை மட்டும் பேசுகிறேன். காரில் ஐந்து பேர் ஏறி டிக்கியை நிரப்பினாலும் எடை இரண்டு மடங்காக ஆகாது. உங்கள் கட்டங்களெல்லாம் அந்தக் காரை வைத்துப் பழகியவை.

உத்திரமேரூர் பக்கம் ஏரிக்குக் கீழே இருக்கும் ஒரு வயலிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு கரைமேல் ஏறுவதைச் சொல்கிறேன். களத்திலிருந்து வண்டிப்பாதை நேராக வந்து, கரையை நெருங்கும்போது சட்டென்று தூக்கும். ஏற்றம் இருபது முப்பது அடிதான், ஆனால் செங்குத்து. மேலே போனதும் இடதுபக்கம் ஒடிக்கவேண்டும்; ஒடித்த உடனே மதகுக்கு மேல் இன்னொரு சின்ன மேடு. ஏற்றம் தொடங்கும் முன்பே, மண்ணில் சக்கரம் சீராக ஓடும்போதே, முதல் கியர் போட்டுவிடுவேன். ஏறும்போது இன்ஜின் கத்தும். கத்தட்டும். மேலே வந்ததும் வண்டி லேசாகும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விடுவேன், ஆனால் இரண்டாவது போடமாட்டேன். பத்தடியில் மதகு மேடு இருப்பது எனக்குத் தெரியும். அதைத் தாண்டித் தார் ரோட்டில் நான்கு சக்கரமும் இறங்கிய பிறகுதான் இரண்டாவது. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லோடுமேன் பையனுக்கு இது ஒன்றுமே தெரியாது. அவன் போன் பார்த்துக்கொண்டு வருவான்.

இதே இடத்தில் உங்கள் கணக்கு என்ன செய்யும்? அதற்குத் தெரிவது வண்டியின் வேகம், இன்ஜின் சுற்று, ஆக்சிலேட்டர் எவ்வளவு அமுங்கியிருக்கிறது, இவ்வளவுதான். கரைமேல் வந்து நான் காலைக் கொஞ்சம் விட்ட அந்த நொடியில், "டிரைவருக்கு இழுவை போதும்" என்று முடிவுகட்டி இரண்டாவதுக்கு ஏற்றிவிடும். அடுத்த நொடி மதகு மேடு. இன்ஜின் முனகும். நான் மிதிப்பேன். அது மறுபடி முதலுக்கு இறங்கும். இறங்கி முடிப்பதற்குள் வண்டி நின்றுவிட்டால், 18 மூட்டையோடு கரைச்சரிவில் பின்னால் உருளும்.

ஏ.எம்.டி.யில் இந்த இடம் இன்னும் மோசம், ஏன் என்று என்னைவிட உங்களுக்கே தெரியும். அது கைக்கியர் பெட்டிதான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் ஆளுக்குப் பதில் உங்கள் பம்பும் மோட்டாரும் செய்கின்றன. கியர் மாறும் நேரத்தில் சக்கரத்துக்கு இழுவை அறுந்துவிடும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் இழுவை இல்லாமல் ஒரு விநாடி விட்டால் வேகம் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் குறையும். புவியீர்ப்புக்கு லோடு என்ன, வெற்று என்ன. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. இருபதில் ஏறிக்கொண்டிருந்த வண்டி, கியர் விழும்போது பதினாறில் இருக்கும். இருபதுக்குப் பொருத்தமான கியர் பதினாறுக்குப் பொருந்தாது. திரும்பவும் கீழே மாற்றவேண்டும், திரும்பவும் ஒரு விநாடி போகும். மனுஷன் கியர் மாற்றினாலும் அதே ஒரு விநாடிதான். ஆனால் மனுஷன் மேட்டுக்கு முன்னாலேயே மாற்றிவிடுகிறான்.

சின்ன இன்ஜினில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் டிரைவரின் மனதைப் படிப்பது ஆக்சிலேட்டரை வைத்து. லேசாக மிதித்தால் நிதானம், பாதி மிதித்தால் கொஞ்சம் வேகம், முழுக்க மிதித்தால் அவசரம், ஓவர்டேக். பெரிய இன்ஜினுக்கு இந்த அகராதி சரி. முழு லோடில் இருக்கும் சின்ன இன்ஜினில் கால் எப்போதும் பலகையில்தான் இருக்கும். சமதளத்திலும் அப்படித்தான், மேட்டிலும் அப்படித்தான். என் கால் உங்களுக்கு ஒரு செய்தியும் சொல்லாது. முழு மிதியை அவசரம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு கியரையும் கடைசிச் சுற்றுவரை இழுத்து வைப்பீர்கள். டீசல் போகும், காது போகும். அந்தச் சத்தம் பொறுக்காமல் காலைக் கொஞ்சம் எடுத்தால், சரி நிதானம் என்று மேல் கியர். பல வண்டிகளில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது 3000-ல் ஓடும் இன்ஜின் 2000-க்குப் பக்கத்தில் விழும். மேட்டில் வேகமும் சேர்ந்து குறைய, டர்போ ஊதாத இடத்துக்குப் போய்விடும். திணறும். மறுபடி மிதி, மறுபடி கீழ் கியர். ஒரகடம் மேம்பாலத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் ஐந்து பேரோடு ஒரு சின்ன ஏ.எம்.டி. காரை ஓட்டியபோது ஏறி இறங்கும்வரை இரண்டும் மூன்றுமாக இதே ஆட்டம்தான். பின் சீட்டில் இருந்த பெரியம்மா, "ஏம்ப்பா, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு ஓட்டுற?" என்று கேட்டார். நான் பிரேக் பக்கமே போகவில்லை. வண்டியின் பெயர் வேண்டாம். அந்த விலையில் வரும் பல வண்டிகளுக்கும் அந்தக் குணம் உண்டு.

சமாளிக்க ஒரு வழி உண்டு, ஆக்டிங் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். லீவரை மேனுவலுக்குத் தட்டி இரண்டிலேயே நிறுத்திவிடுவோம். ஆனால் சில வண்டிகளில் அங்கேயும் உங்கள் கை நீளுகிறது. சுற்று கொஞ்சம் ஏறியதும், நான் கேட்காமலேயே மூன்றுக்குப் போய்விடும். இன்ஜினைக் காப்பாற்றுகிறீர்கள், சரி. சிவப்புக் கோட்டைத் தொடும்போது காப்பாற்றினால் போதும். அதற்கு வெகு கீழேயே தலையிட்டால் அதற்குப் பெயர் மேனுவல் இல்லை.

மேல் கியருக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று யோசித்துப் பார்த்தேன். மைலேஜ் சோதனைதான் காரணம் என்று தோன்றுகிறது. இந்திய ஓட்டச் சுழற்சி 1180 விநாடி. உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். உருளைமேல் ஓடும் அந்தச் சோதனையில் ஒரு மேடுகூடக் கிடையாது. கைக்கியர் வண்டி எங்கே கியர் மாற்றவேண்டும் என்று விதியே சொல்லிவிடுகிறது. தானியங்கி வண்டி தன் கணக்குப்படி மாற்றிக்கொள்ளலாம். சீக்கிரம் சீக்கிரமாக மேல் கியருக்குப் போனால் தாளில் நல்ல எண் வரும். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதத் தோன்றும். அந்த எண் ஷோரூமில் வண்டியை விற்கும். உத்திரமேரூர் ஏரிக்கரையில் அது ஒரு மூட்டையைக்கூட ஏற்றாது.

இறக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் தட்டை நிலம்தான், ஆனால் பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு ஏலகிரிக்குப் போனால் 14 கொண்டை ஊசி வளைவு. திரும்பும்போதும் அதே சாமான் பின்னால். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன், ஆனால் வேகம் கூடுகிறது. இதைப் பார்த்து மேல் கியர் போடுகிற கணக்கு லோடு வண்டிக்கு ஆபத்து. இன்ஜின் பிடிப்பு போய்விடும், எல்லாப் பாரமும் பிரேக் மேல் விழும். ஹோண்டா 1990-களிலேயே ஆட்டோமேட்டிக் கார்களில் ஏற்ற இறக்கம் பார்த்து கியரைப் பிடித்து வைக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு முந்தைய விஷயம், புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. கால் எடுத்தும் வேகம் கூடினால் மேலே போகாதே, பிரேக்கைத் தொட்டால் ஒரு கியர் இறங்கு. இவ்வளவுதான் கேட்கிறோம்.

இனி லோடு. உங்கள் சென்சார்களுக்கு லோடும் மேடும் ஒன்றுபோலவே தெரியும். மிதித்த அளவுக்கு வண்டி வேகம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வெற்று வண்டி செங்குத்தில் ஏறினாலும், முழு லோடு வண்டி சின்ன மேட்டில் ஏறினாலும் திரையில் ஒரே கோடு வரும். மேட்டின் உச்சி வந்ததும்தான் வித்தியாசம் தெரியும். வெற்று வண்டி உடனே மேல் கியரைத் தாங்கும், லோடு வண்டி தாங்காது. வால்வோ 2001-லேயே பெரிய லாரிகளுக்கு ஐ-ஷிப்ட் கொண்டுவந்தது. இன்றைய பெரிய தானியங்கி லாரிகள் தங்கள் எடையையும் சாலையின் சரிவையும் கணித்துத்தான் கியர் எடுக்கின்றன. அத்தனை சென்சாரையும் எங்கள் வண்டியில் வைத்தால் விலை தாங்காது என்பீர்கள். வேண்டாம். டாஷ்போர்டில் ஒரு பொத்தான் வையுங்கள், "லோடு" என்று தமிழில் எழுதுங்கள். மூட்டை ஏற்றினால் நான் அழுத்திக்கொள்கிறேன். எவ்வளவு ஏற்றியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும், சென்சாரிடம் கேட்கவேண்டியதில்லை. அந்தப் பொத்தான் அமுங்கியிருந்தால் உங்கள் கணக்கில் மேல் கியருக்குப் போகும் கோட்டுக்கும் கீழ் கியருக்கு இறங்கும் கோட்டுக்கும் நடுவில் இடைவெளியை நன்றாக அகட்டுங்கள். ஒருமுறை கீழே இறங்கினால், மேடு முடிந்து வேகம் நிஜமாகவே ஏறும்வரை அங்கேயே இருக்கட்டும். ஸ்போர்ட் பொத்தானை லோடுக்கு மாற்றாக நினைத்து வைத்துவிடாதீர்கள். அது வேகமாகப் போகிறவனுக்கு எழுதிய கணக்கு. நாங்கள் மெதுவாக, நிற்காமல் போகவேண்டியவர்கள்.

அரிசி ஆலைச் சந்தில் ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரை கிளட்சில் அங்குலம் அங்குலமாக ஏற்றி, மேடைக்கு ஒட்டி நிறுத்துவது எங்களுக்குக் கால் வேலை. ஏ.எம்.டி.யில் அந்த அரை கிளட்சை உங்கள் பெட்டி பிடிக்கிறது. லோடோடு சரிவில் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்தால் கிளட்ச் பிளேட் கருகும். புதிதாக வரும் பையன்களுக்கு இது தெரியாது, பெடல் இல்லாததால் கிளட்சே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். சூடாகும்போது ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தால் போதாது. "பிரேக் பிடி" என்று வண்டி வாய்விட்டுச் சொல்லட்டும்.

பிளேட் போனால்? கைக்கியர் வண்டிக்கு எங்கள் ஊர் மெக்கானிக் காலையில் பெட்டியை இறக்கினால் சாயங்காலம் மாட்டிக் கொடுத்துவிடுவார். ஏ.எம்.டி.யில் பிளேட் மாற்றியபிறகு கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை லேப்டாப் செருகிப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். அந்த லேப்டாப் டீலரிடம் இருக்கிறது. டீலர் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ. அறுப்பு நாளில் வண்டி நின்றால் வாடகை போச்சு, அடுத்த வருஷம் அந்த விவசாயி வேறு வண்டிக்காரனைக் கூப்பிடுவார், இ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாமல் வரும். இந்தக் கற்றுக்கொடுக்கும் வேலையை இக்னிஷன், பிரேக், லீவர் மூன்றை வைத்தே செய்யும்படி எழுதிவிடுங்கள். லோடு வண்டிக்காரர்கள் ஆட்டோமேட்டிக்கை நம்பாததற்கு மைலேஜைவிட இந்தப் பயம்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும், "ரிப்பேர் ஆனா யாரு பாப்பாங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

எலக்ட்ரிக் வந்துவிட்டதே, இனிமேல் கியர் எதற்கு என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். 2022-ல் அறிமுகமான ஏஸ் இ.வி.யின் மோட்டார் 27 கிலோவாட், இழுவை 130 நியூட்டன் மீட்டர், மாற்ற கியரே இல்லை. எலக்ட்ரிக் லோடு வண்டி ஓட்டும் பார்சல் கம்பெனிப் பையன்கள், "அண்ணே, நின்ன இடத்துலயே ஜிவ்வுன்னு இழுக்குது" என்கிறார்கள். உண்மைதான், நானும் ஓட்டிப் பார்த்தேன். நான் கேட்கும் சீரான இழுவை அதில் இருக்கிறது. ஆனால் காலையில் மதூர் குவாரிப் பக்கம், மதியம் தாம்பரம், ராத்திரி எங்கேயோ ஒரு கல்யாண மண்டபம் என்று ஓடுகிறவனுக்கு சார்ஜுக்கு நிற்க நேரம் எங்கே? இன்னும் பல வருஷம் டீசலும் சி.என்.ஜி.யும்தான் எங்களுக்கு. சி.என்.ஜி.யில் இழுவை பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் கியர் கணக்கில் பிழை வந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். எலக்ட்ரிக் வண்டியில் இரண்டு பெடல் பழகிவிட்ட அந்தப் பார்சல் கம்பெனிப் பையன்கள் நாளைக்குச் சொந்த வண்டி வாங்கும்போது மூன்றாவது பெடலுக்குத் திரும்பமாட்டார்கள். உங்களுக்கு வாடிக்கையாளர் தயாராகிக்கொண்டிருக்கிறார், வண்டிதான் இல்லை.

ஆகவே ஒரு அழைப்பு. மாதிரி வண்டி செய்தீர்கள் என்றால் சோதனை ஓடுதளத்தில் மணல் மூட்டை அடுக்கி ஓட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அறுப்பு சமயத்தில் உத்திரமேரூர் பக்கம் கொண்டுவாருங்கள். ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக் கொண்டுவந்தாலும் சரி, நாங்கள் போட்டோ எடுக்கமாட்டோம். லேப்டாப்போடு ஒருவர் நடு சீட்டில் உட்காரட்டும். ஏரிக்கரையில் ஏற்றி, கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்று, ரிவர்ஸில் மேடைக்கு ஒட்டி, இறக்கிவிட்டு வெற்று வண்டியாகத் திரும்புவோம். அதே பாதை, அதே டிரைவர், இரண்டு எடை. உங்கள் கோடுகள் எங்கெங்கே தப்பாக வெட்டுகின்றன என்பதைத் திரையில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டிரைவருக்குச் சம்பளம் வேண்டாம், நானே ஓட்டுகிறேன். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி மட்டும் நீங்கள் கொடுத்துவிடவேண்டும். அதில் பாக்கி வைத்தால் லோடுமேன்கள் அடுத்தமுறை வண்டியைத் தொடமாட்டார்கள்.

இப்படிக்கு,
வாலாஜாபாத் லோடு வண்டி ஸ்டாண்டிலிருந்து,
ஒரு டிரைவர்